கிளாசிக்கல் கிட்டாரில் தொடங்குவோர் முதலில் வலக்கையைப் பழக்குங்கள்

கிட்டார் கற்கத் தொடங்குபவர் பெரும்பாலும் இடக்கையைப் பற்றியே கவலைப்படுகிறார். எந்த விரலை எங்கே வைப்பது, கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) எப்படி நினைவில் நிறுத்துவது, விரல்நுனி வலி எப்போது தீரும் என்பவையே அவருடைய முதல் கேள்விகளாக இருக்கின்றன. ஆனால் கிளாசிக்கல் கிட்டாரில் ஒலியைப் பிறப்பிப்பது வலக்கைதான். பிறக்கும் ஒலி எந்தச் சுரமாக இருக்க வேண்டும் என்பதை மட்டுமே இடக்கை தீர்மானிக்கிறது. நாற்பது கார்டுகள் தெரிந்தும் மீட்டும் விரல்கள் பழகாதவரின் வாசிப்பு காதுக்கு இனிக்காது. மூன்றே சுரங்கள் தெரிந்தவர் அவற்றைச் சீரான தாளத்தில், உருண்டு திரண்ட ஒலியோடு மீட்டினால், கேட்பவர் அதை இசை என்று ஒப்புக்கொள்வார். அதனால் இங்கே வலக்கைப் பயிற்சி முதலிலும் விரிவாகவும் வருகிறது.

கருவியும் அதன் இயல்பும்

கிளாசிக்கல் கிட்டாரின் இன்றைய வடிவம் 19-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் உருவானது. அல்மேரியா ஊரைச் சேர்ந்த அந்தோனியோ தெ டோரஸ் (1817–1892) உடற்பகுதியைப் பெரிதாக்கினார்; மேற்பலகையின் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் மரச்சட்டங்களை ஒட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் என்ற அளவு அவருடைய கருவிகளின் வழியாகவே நிலைபெற்றது. அக்காலத்தில் விலங்குக் குடலைத் திரித்துத் தந்தி செய்தார்கள். 1940-களில்தான், கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியாவின் ஊக்கத்தோடு ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் தந்திகளை உருவாக்கிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

இந்த வரலாற்றிலிருந்து தொடக்கநிலையாளர் ஓர் எச்சரிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கருவியின் மேற்பலகை மெல்லியது; ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் ஏறத்தாழ 40 கிலோ விசையைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டது. எஃகுத் தந்திகளின் மொத்த இழுவிசை 70 கிலோவைத் தொடக்கூடும். ஒலி உரத்துக் கேட்க வேண்டும் என்ற ஆசையில் கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுத் தந்தி மாட்டுபவர், சில வாரங்களிலோ மாதங்களிலோ மேற்பலகை வீங்குவதையும், தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வருவதையும் காண நேரிடும்.

வாங்கும்போது மரத்தின் பெயரைவிட அமைப்பையே கவனிக்க வேண்டும். மேற்பலகை ஸ்புரூஸா, தேவதாருவா, ஒரே பலகையா, ஒட்டுப்பலகையா என்பவற்றை இரண்டாவது கிட்டார் வாங்கும்போது யோசித்துக்கொள்ளலாம். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளே ஃபிரெட்கள்; 12-ஆம் ஃபிரெட்டின் மேல் முதல் தந்தி (மிக மெல்லியது) ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்திலும் ஆறாம் தந்தி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உயரத்திலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கு மிக அதிகமாக இருந்தால் அழுத்துவதற்கே பலம் முழுவதும் போய்விடும். மிகக் குறைவாக இருந்தால் தந்தி ஃபிரெட்டில் மோதிச் சலசலக்கும். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி ஒரு முறை மீட்டிப் பார்த்தால் குறை இருக்கும் இடம் தானே வெளிப்படும். சிறுவர்களுக்கும் மிகச் சிறிய கை உள்ளவர்களுக்கும் முக்கால் அளவுக் கிட்டார்கள் உண்டு. முழு அளவுக் கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து, தலைப்பகுதியை ஒட்டித் தந்திகளைத் தாங்கும் நட்டருகே ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. எஃகுத் தந்திக் கிட்டாரில் அது 43 அல்லது 44 மில்லிமீட்டர்தான். இந்த அகலத்தைக் கண்டு அஞ்சி எஃகுத் தந்திக் கிட்டாருக்கு மாறிவிடுவோர் பலர். ஆனால் விரல்களால் தனித்தனித் தந்தியை மீட்டுவதற்கு இந்த இடைவெளி பெரிய வசதி. விரல்நுனிக்கும் நைலான் எவ்வளவோ மென்மையானது.

அமரும் முறை

கைப்பிடி இல்லாத, சமதளமான நாற்காலியின் முன்விளிம்பில் அமருங்கள். இடக்காலை 12 முதல் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள கால்பலகையின் மேல் வைத்து, கிட்டாரின் இடுப்பு வளைவை இடத்தொடையின் மேல் பொருத்தி, தலைப்பகுதி ஏறத்தாழ உங்கள் கண் உயரத்துக்கு வரும்படி கழுத்தைச் சாய்வாக உயர்த்துங்கள். இடத்தொடை, வலத்தொடை, மார்பு, வல முன்கை ஆகிய நான்கும் கருவியைத் தாங்கினால் இடக்கையை முழுவதும் எடுத்துவிட்டாலும் கிட்டார் அசையாது. எடுத்தே பாருங்கள், கழுத்து கீழே சாய்ந்தால் அமர்ந்த முறை சரியில்லை என்று பொருள். முதுகுவலி உள்ளவர்கள் கால்பலகைக்குப் பதில் தொடையின் மேல் வைக்கும் தாங்கியைப் பயன்படுத்தலாம். அப்போது இரு பாதங்களும் தரையில் இருக்கும். ஃபிரெட்களைப் பார்ப்பதற்காகக் கருவியின் முகத்தை மேல்நோக்கிச் சாய்ப்பது அனைவருக்கும் வரும் பழக்கம். அதனால் இடமணிக்கட்டு மடங்கி வலியெடுக்கும் என்பதால் அதைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

சுருதி சேர்த்தல்

மிக மெல்லிய தந்தி முதல் தந்தி. மிகத் தடித்தது ஆறாவது. ஆறிலிருந்து ஒன்று வரை அவற்றின் சுரங்கள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று அமைகின்றன. தொடக்கத்தில் தலைப்பகுதியில் கவ்வி நிற்கும் டியூனரோ கைப்பேசிச் செயலியோ போதும். அதோடு ஐந்தாம் ஃபிரெட் முறையையும் கற்றுக்கொண்டால் காது கூர்மையடையும். ஆறாம் தந்தியை ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தினால் எழும் சுரமே ஐந்தாம் தந்தியின் திறந்த சுரம். மற்ற தந்திகளுக்கும் இதே கணக்குதான். மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையே மட்டும் நான்காம் ஃபிரெட்டில் அழுத்த வேண்டும்.

சுரம் கூடிவிட்டால், தந்தியைத் தேவைக்குக் கீழே தளர்த்திவிட்டு, பிறகு மெல்ல மேலே ஏற்றி நிறுத்துங்கள். டியூனிங் கீயின் பற்சக்கரத்தில் சிறிது தொய்வு இருப்பதால், கீழ்நோக்கித் திருகி நிறுத்திய தந்தி சற்று நேரத்தில் இறங்கிவிடும்.

வலக்கை

முழங்கைக்குச் சற்று முன்னால் முன்கையைக் கருவியின் மேல்விளிம்பில் சாய்த்து, கை தன் எடையிலேயே தொங்கும்படி விடுங்கள். விரல்நுனிகள் ஒலித்துளையின் பிரிட்ஜ் பக்கத்து விளிம்பருகே வந்து நிற்க வேண்டும். மணிக்கட்டு நேராக இருக்கட்டும். பந்து ஒன்றைத் தளர்வாகப் பிடித்திருப்பதுபோல் விரல்கள் இயல்பாக வளைந்திருக்கட்டும். உள்ளங்கையோ சுண்டுவிரலோ மேற்பலகையைத் தொடக்கூடாது. கட்டைவிரல் மற்ற விரல்களைவிடக் கழுத்துப் பக்கம் சற்று முன்தள்ளி நிற்க வேண்டும். அப்போதுதான் அது கீழ்நோக்கி மீட்டும்போது சுட்டுவிரலோடு மோதாமல் தன் வழியில் போய்வரும்.

இசைத்தாள்களில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவை முறையே பி (p), ஐ (i), எம் (m), ஏ (a) என்ற எழுத்துகளால் குறிக்கப்படும். அவை புல்கார், இந்திசே, மேதியோ, அனுலார் என்னும் ஸ்பானியச் சொற்களின் முதலெழுத்துகள். சுண்டுவிரலுக்கு வழக்கமான வேலை எதுவும் இல்லை.

மீட்டும் முறைகள் இரண்டு. தந்தியை மீட்டிய விரல் அடுத்த தந்தியின் மேல் சாய்ந்து ஓய்வதை அப்போயாந்தோ என்பார்கள். மீட்டிய விரல் அடுத்த தந்தியைத் தொடாமல் உள்ளங்கையை நோக்கி மடங்கினால் அது திராந்தோ. முதல் முறையில் ஒலி தடிமனாகவும் அழுத்தமாகவும் வரும். தனி மெட்டு வாசிக்க அது ஏற்றது. பல தந்திகள் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டிய இடங்களில் இரண்டாவது முறையே பயன்படும், ஏனென்றால் அடுத்த தந்தியின் மேல் சாயும் விரல் அதன் ஒலியை நிறுத்திவிடும். எதை முதலில் கற்பது என்பதில் ஆசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சாய்ந்து ஓயும் விரலுக்கு ஓர் இருப்பிடம் கிடைப்பதால் தொடக்கத்தில் கை தடுமாறாது என்பது என் அனுபவம். ஆகவே முதல் வாரத்தை அப்போயாந்தோவுக்கு ஒதுக்கப் பரிந்துரைக்கிறேன்.

இடக்கையை மடியில் வைத்துவிட்டு, முதல் தந்தியைச் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் மாறி மாறி மீட்டுங்கள். சீராகத் தட்டி வேகம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, தட்டுக்கு ஒரு முறை. ஒரே விரலை இரு முறை தொடர்ந்து பயன்படுத்தாமல் இருப்பதே இந்தப் பயிற்சியின் நோக்கம். தந்தி மாறும் இடத்தில்தான் விரல் ஏமாற்றும். முதல் தந்தியில் நடுவிரலோடு முடித்தவர் இரண்டாம் தந்தியிலும் நடுவிரலிலேயே தொடங்குவார். தொடங்கியது அவருக்கே தெரியாது. நான் ஓராண்டுக்கு மேல் இந்தத் தவற்றோடு வாசித்திருக்கிறேன். வேகம் கூட்ட முயன்றபோதுதான் விரல்கள் சிக்கிக்கொள்வதன் காரணம் விளங்கியது. திருத்திக்கொள்ள, கற்ற காலத்தைவிடக் கூடுதல் காலம் பிடித்தது.

இரண்டாம் வாரத்திலிருந்து திராந்தோவோடு விரல்வரிசைகளைத் தொடங்கலாம். கட்டைவிரலை ஆறாம் தந்தியிலும் சுட்டுவிரலை மூன்றிலும் நடுவிரலை இரண்டிலும் மோதிரவிரலை ஒன்றிலும் வையுங்கள். நான்கும் தந்தியின் மேல் அமைதியாக அமர்ந்த பிறகே ஒவ்வொன்றாக மீட்ட வேண்டும். மீட்டும் விசை விரலின் அடிக்கணுவிலிருந்து வரட்டும்; விரல்நுனியை மட்டும் கொக்கிபோல் மடக்கி மேல்நோக்கி இழுத்தால் தந்தி பலகையில் அறைந்து ஒலி கரகரக்கும். இந்த நான்கு திறந்த தந்திகளும் ஈ, ஜி, பி, ஈ என்பதால் அவை சேர்ந்து ஈ மைனர் கார்டாகவே ஒலிக்கின்றன. இடக்கையின் உதவி ஒரு துளியும் இல்லாமல் முழுமையான இசையொலி ஒன்று முதல் மாதத்திலேயே கிடைப்பது இந்தப் பயிற்சியின் இன்பம். கட்டை, சுட்டு, நடு, மோதிரம் என்ற வரிசை பழகியதும், மோதிரம்வரை ஏறி மீண்டும் நடு, சுட்டு என்று இறங்கும், ஆறு மீட்டல்கள் கொண்ட வரிசையை முயலுங்கள். இத்தாலியக் கிட்டார் கலைஞர் மௌரோ ஜூலியானி தம் முதல் ஓபஸில் (எண்ணிட்டு வெளியிட்ட படைப்பில்) வலக்கைக்கென்றே 120 விரல்வரிசைகளை எழுதினார். அவை அனைத்துக்கும் இடக்கையில் சி மேஜர், ஜி செவன் என்ற இரண்டு கார்டுகளே போதும். வலக்கையை வளர்க்க இடக்கையை ஓய்வில் வைக்க வேண்டும் என்பதை 200 ஆண்டுகளுக்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார்.

நகத்தைப் பற்றி ஒரு சொல். தேர்ந்தவர்கள் பெரும்பாலும் விரல்நுனித் தசையும் நகமும் ஒருங்கே தந்தியைத் தொடும்படி மீட்டுகிறார்கள். இதற்காக வலக்கை நகங்களை விரல்நுனிக்கு மேல் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் வளர்த்து, அரத்தால் வளைவாகத் தேய்த்து, மிக நுண்ணிய உப்புத்தாளால் மெருகேற்றிக்கொள்வார்கள். முதல் மூன்று மாதங்களுக்கு நகம் இல்லாமலே வாசிக்கலாம். ஒலி சற்று மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் பிக் இந்தக் கருவிக்கு வேண்டாம். அது மேற்பலகையைக் கீறும் என்பதோடு, மேலே சொன்ன பயிற்சி எதற்கும் இடம் கொடுக்காது.

இடக்கை

இடக்கை நகங்கள் எப்போதும் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கட்டைவிரலின் சதைப்பகுதியைக் கழுத்தின் பின்புறத்தில், நடுவிரலுக்கு நேர் எதிரே தளர்வாக வையுங்கள். சுட்டுவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை 1, 2, 3, 4 என்று எண்ணுவது வழக்கம். விரல் தந்தியின் மேல் செங்குத்தாக, நுனியால் இறங்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் பக்கத்துத் தந்தியைத் தொட்டு அதை ஊமையாக்கிவிடும்.

வீணையில் மெட்டு என்று சொல்லப்படுவதே இங்கு ஃபிரெட். வீணையில் விரல் மெட்டின் மேலேயே படியும். கிட்டாரில் ஃபிரெட்டுக்கு முன்னால், அதை ஒட்டினாற்போல் அழுத்த வேண்டும். இரண்டு ஃபிரெட்களுக்கு நடுவில் அழுத்தினால் இரு மடங்கு விசை கொடுத்தும் ஒலி தெளியாது. எவ்வளவு விசை தேவை என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. விரலைத் தந்தியின் மேல் தொட்டபடி மட்டும் வைத்து, வலக்கையால் தொடர்ந்து மீட்டிக்கொண்டே, அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். முதலில் மொட்டையான தட்டல், பிறகு சலசலப்பு, பிறகு திடீரென்று தெளிந்த சுரம். அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாம் கொடுத்துவந்த விசையில் பாதிகூடத் தேவையில்லை என்பதை இந்தச் சோதனையில் கண்டு வியப்பவர்களே அதிகம். கட்டைவிரலின் அடியில் வலி வந்தால் அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள். விரல்நுனியின் எரிச்சல் இரண்டு மூன்று வாரங்களில் தோல் தடித்ததும் அடங்கும், ஆனால் மணிக்கட்டிலோ முன்கையிலோ வரும் வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கக்கூடாது. உடனே நிறுத்தி, அமரும் முறையைச் சரிபார்க்க வேண்டும்.

முதலில் கற்க வேண்டிய சுரங்கள் எட்டு. மூன்றாம் தந்தியின் திறந்த சுரம் ஜி, இரண்டாம் ஃபிரெட்டில் ஏ. இரண்டாம் தந்தியின் திறந்த சுரம் பி, முதல் ஃபிரெட்டில் சி, மூன்றாம் ஃபிரெட்டில் டி. முதல் தந்தியின் திறந்த சுரம் ஈ, முதல் ஃபிரெட்டில் எஃப், மூன்றாம் ஃபிரெட்டில் மேல் ஜி. எந்த ஃபிரெட்டோ அதே எண்ணுள்ள விரல் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இந்த எட்டுச் சுரங்களுக்குள் அடங்கும் எளிய மெட்டுகள் ஏராளம். காதில் ஒலிக்கும் பாட்டொன்றைத் தேடிப்பிடித்து வாசிப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

கார்டுகளில் ஏ மைனரிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் 1, நான்காம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் 2, மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் 3. இதே வடிவத்தை அப்படியே தடித்த பக்கம் ஒரு தந்தி நகர்த்தினால் ஈ மேஜர். மீண்டும் ஏ மைனருக்கு வந்து, 1, 2 ஆகிய விரல்களை அசைக்காமல், மூன்றாம் விரலை மட்டும் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டுக்குக் கொண்டுசென்றால் சி மேஜர். கார்டுகளைத் தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்வதைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எந்த விரல் இடம்பெயர்கிறது, எது நிலைத்து நிற்கிறது என்று பார்ப்பதே கார்டு மாற்றத்தின் சூட்சுமம். ஒரு விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் பார் கார்டுகளை, குறிப்பாக எஃப் மேஜரை, அவசரப்பட்டு முயல வேண்டாம்; அகன்ற கழுத்தில் அவை கடினம். நான்காம் ஐந்தாம் மாதத்தில் முதல் இரண்டு தந்திகளை மட்டும் அழுத்தும் சிறு பாரிலிருந்து தொடங்கலாம்.

இசைத்தாளும் அன்றாடப் பயிற்சியும்

எண்களால் எழுதப்படும் டேப் முறை விரைவில் புரியும். ஆனால் பல சமயம் அது தாளத்தைத் தெளிவாகச் சொல்வதில்லை, எந்தச் சுரம் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதையும் காட்டுவதில்லை. கிளாசிக்கல் கிட்டாருக்கான படைப்புகள் பெரும்பாலும் மேற்கத்திய இசைக்குறியீட்டிலேயே எழுதப்பட்டிருப்பதால் ஐந்து கோட்டு முறையையும் உடன் கற்பது பலன் தரும். கிட்டாருக்கு எழுதப்படும் சுரங்கள் எழுதியதைவிட ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே ஒலிக்கும் என்பதையும், ஒரே சுரம் பல இடங்களில் கிடைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முதல் தந்தியின் திறந்த ஈ சுரம் இரண்டாம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டிலும் மூன்றாம் தந்தியின் ஒன்பதாம் ஃபிரெட்டிலும் அப்படியே இருக்கிறது. ஒலியின் நிறம் மட்டுமே மாறும்.

வார இறுதியில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் வாசிப்பது கைக்கு நல்லது. அதில் ஐந்து நிமிடம் திறந்த தந்திகளில் வலக்கைக்கு, ஐந்து நிமிடம் சுரங்களுக்கோ கார்டு மாற்றத்துக்கோ, மிச்சம் முழுவதும் பாட்டுக்கு. ஒரு பாட்டில் தடுக்கும் இடம் வந்தால் தொடக்கத்துக்குத் திரும்பாதீர்கள். தடுக்கும் இரண்டு அடிகளை மட்டும் தனியே எடுத்து, தவறே வராத அளவுக்கு மெதுவாக வாசியுங்கள். தொடக்கத்துக்குத் திரும்பித் திரும்பி வாசிப்பவருக்கு முதல் வரி மட்டும் அற்புதமாக வரும்.

தந்தி மாற்றமும் பராமரிப்பும்

மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருந்தால் கிட்டாருக்கு உகந்தது. வெயிலில் நிற்கும் காரிலும் சுவரோரச் சூட்டிலும் அதை விட்டுவைக்கக்கூடாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்தால் அவை கூடுதல் நாள் உழைக்கும்.

மெல்லிய மூன்று தந்திகள் வெறும் நைலான். தடித்த மூன்றும் நைலான் இழைக்கற்றையின் மேல் வெள்ளி முலாம் பூசிய செப்புக்கம்பி சுற்றியவை. முதலில் பழுதாவது தடித்தவைதான். சுற்றுக்கம்பி ஃபிரெட்டில் உராய்ந்து தேயும், கறுக்கும், ஒலி செத்துப்போகும். நாள்தோறும் வாசிப்பவர் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். கிளாசிக்கல் கிட்டாரில் தந்தியின் முனையைப் பிரிட்ஜின் துளை வழியாக நுழைத்து, அதே தந்தியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்ச முனையைச் சுற்றுக்கு அடியில் செருகி முடிச்சிட வேண்டும். வழுக்கும் மெல்லிய தந்திகளுக்கு இரண்டு மூன்று முறை செருகுவது பாதுகாப்பானது. முடிச்சு கழன்றால் தந்தி மேற்பலகையில் அறைந்து வடு ஏற்படுத்தும். ஒன்றை மாற்றி முடித்த பிறகு அடுத்ததைக் கழற்றினால், பழைய முடிச்சுகளைப் பார்த்தே புதியவற்றைக் கட்டிக்கொள்ளலாம். புது நைலான் முதல் சில நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும். காலையில் சேர்த்த சுருதி மதியத்தில் இறங்கியிருப்பதைக் கண்டு கருவியைக் குறை சொல்ல வேண்டாம். யாருக்கேனும் வாசித்துக் காட்டும் நாள் வருமானால், தந்தியை அதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள்.